பூரணவல்லி தோற்ற மேடைகள்

பபூன் அழகர்ராசு செத்த முப்பத்தொன்பதாம் நாள், கருக்காய்ப்பட்டி மாசித் திருவிழா நாடகத்தில், புதுசாகப் பேசி வைத்திருந்த பபூன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான் என்று தெரிந்து, சனம் சலசலக்க ஆரம்பித்த நேரத்தில், டான்ஸ்காரி பூரணவல்லி தனியாக மேடைக்கு வந்து ஒரு பாட்டுப் பாடி, ஒரு சுற்று ஆடி, இன்னும் பபூன் வந்தபாடில்லை என்றதும் பழக்கதோஷத்தில் இடுப்பில் கையை வைத்து, "ஏன் மாமா, ஒலகத்துல ஒசத்தி யாரு, ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டுவிட்டாள். அழகர்ராசு பத்தொன்பது வருசமாக நின்ற இடத்திலிருந்து, சளி கட்டின அதே குரலில், "இதுல என்ன புள்ள சந்தேகம்? கோயில் கருவறைக்குள்ள போற பூசாரி யாரு? ஆம்பள" என்று பதில் வந்தது.

யாரும் ஓடவில்லை. மிருதங்கக்காரர் ஒரு தாளத்தை விட்டார், அடுத்த தாளத்தைப் பிடித்துக்கொண்டார். சவுண்டு செட்காரர் ஏதோ பழைய கேசட் ஓடுகிறது என்று நினைத்து அந்தப் பக்கத்து மைக்கின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். குரல் நிற்கவில்லை, சத்தம்தான் குறைந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று கத்தவும், அவரே வயரை மறுபடி சொருகிவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "அழகர்ராசுதான்யா. இவன் எந்தக் காலத்துல சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்" என்றார்.

பூரணவல்லிதான் ஒரு எட்டுப் பின்வாங்கினாள். ஆனால் மேடையில் கேள்வி விழுந்தால் பதிலை எடுத்தே ஆகணும், அது ரத்தத்தில் ஊறின விசயம். "உள்ள உக்காந்திருக்கிற ஆத்தா யாரு? பொம்பள" என்றாள். "அந்த ஆத்தாவச் செதுக்குனது யாரு? ஆம்பள." "செதுக்குனவனப் பெத்தது யாரு? பொம்பள." "பெத்தவளுக்குப் பிள்ளையக் குடுத்தது யாரு?" என்று அழகர்ராசு கேட்க, விசில் சத்தத்தில் பந்தல் கிழிந்தது. இப்படியே அரைமணி நேரம். கடைசியில் அவன் எப்போதும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டான். "சரி புள்ள, முடிவா ஒண்ணு. நீ செத்தா மறு மாசமே எனக்குப் பொண்ணு பாப்பாக. நான் செத்தா நீ தாலிய அறுத்துட்டு மூலையில உக்காரணும். இப்பச் சொல்லு, ஒசத்தி யாரு?"

செத்தவனே கேட்கிறான். சனம் சிரித்து உருண்டது. பூரணவல்லி முகத்தை முந்தானையால் மூடி, ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். ஆளில்லாத மேடையில் அழகர்ராசுவின் குரல் முடிவுப் பாட்டைப் பாடி முடித்தது.

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மிச்சக் கதை புரியாது. இந்த நாடகத்துக்கெல்லாம் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேசம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஆர்மோனியம் ஒரு ஊரிலிருந்து என்று நடிகர் சங்கத்தில் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். பெரிய கதை தொடங்குவதற்கு முன்னால் பபூனும் டான்ஸும் புருசன் பொண்டாட்டி போலச் சண்டை போட வேண்டும். பதில் இல்லாதவர் ஆர்மோனியத்தைக் கும்பிட்டு உள்ளே போகணும், ஜெயித்தவர் நின்று முடிவுப் பாட்டுப் பாடணும். டான்ஸ்காரி தோற்றால் ஒன்றுமில்லை, நாளைக்கு வேறு ஊரில் வேறு சேலையில் வந்து மறுபடியும் தோற்கலாம். பபூன் தோற்றால் கதையே வேறு. பொம்பளைக்குப் பதில் சொல்ல முடியாமல் உள்ளே போன பபூன், எண்ணெய் தொட்டு முகப்பூச்சை அழித்துவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் பூசக்கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். முந்தின தலைமுறையில் அப்படித் தோற்ற ஒருத்தர் மறுநாளே பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டார் என்று சொல்வார்கள். அதனால் டான்ஸ்காரிகள் தோற்பார்கள். பதில் தெரியாமல் இல்லை, ஒரு மனுசன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம் என்றுதான்.

பூரணவல்லிக்கும் பதில் தெரியும். அழகர்ராசுவோடு ஜோடி சேர்ந்த இரண்டாம் வருசம், அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது அந்தப் பதில் தானாக வந்தது. அஞ்சே வார்த்தை. நினைத்த மாத்திரத்தில் சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அழகர்ராசு, "என்ன புள்ள, பேதியா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல மாமா, தூசி" என்றாள். அதோடு அந்த அஞ்சு வார்த்தையை முழுங்கினவள்தான், பதினேழு வருசம் வெளியே விடவில்லை.

ஏன் விடவில்லை என்றால், அது மேடையில் சொல்லுகிற பதிலாக இருந்தாலும் மேடையோடு நிற்கிற பதில் இல்லை. அழகர்ராசுவுக்கு உசிலம்பட்டிப் பக்கத்தில் ஊர், அங்கே ஒச்சம்மா என்று சொந்தத்தில் கட்டின பொண்டாட்டி. திருவிழாக் காலமெல்லாம் மதுரையில் பூரணவல்லி வீட்டில் இருப்பான், அவள் ஆக்கிப் போடுகிற கருவாட்டுக் குழம்பைத் தின்பான், அவள் கட்டிலில் படுப்பான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மழைக்காலத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். ஒரே ஒரு தடவை பூரணவல்லி கேட்டாள், "எங் கழுத்துலயும் ஒரு மஞ்சக்கயிறு கட்டுனா என்ன மாமா?" என்று. அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, "தெனம் ஊரு பாக்கச் சண்டை போடுறோமே, அது போதாதா?" என்றான். சிரிப்புக்காரனிடம் கேட்டால் சிரிப்பாகத்தானே பதில் வரும். அவளும் சிரித்துவைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு மேடையிலும் அவன் தாலியை அறுக்கணும் என்று சொல்லும்போது, மூடின முந்தானைக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

அவன் செத்தது ஊரில். நெஞ்சுவலி, தொட்டியில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆர்மோனியம் பரமானந்தம் போன் போட்டுச் சொல்லி, சங்கத்து ஆட்களோடு வேனில் பூரணவல்லியும் போனாள். வீட்டு வாசலில் பொம்பளைகள் நாலும் ஆறுமாக வட்டம் கட்டி, தோளோடு தோள் கை போட்டு, தலையோடு தலை முட்டி அழுதுகொண்டிருந்தார்கள். எழவு வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கை விலகி வட்டத்துக்குள் இடம் கொடுக்கும். பூரணவல்லி போய் நின்றாள். எந்தக் கையும் விலகவில்லை. பகையில்லை, யாரென்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பந்தலில் இருந்த ஒரு ஆள், "சங்கத்துக்காரவுகளா? இப்படி உக்காருங்க" என்று ஆம்பளைகள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். பத்தொன்பது வருசம் கூடப் படுத்தவள், சங்கத்து மாலையை மடியில் வைத்துக்கொண்டு, காபி வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு விடாமல் வேனில் ஏறி வந்தாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் கருக்காய்ப்பட்டியில் அந்தக் குரல் கிடைத்தது. மறு வாரம் இன்னொரு ஊரில் கேட்டுப் பார்த்தாள், வந்தது. அதற்கடுத்த ஊரிலும் வந்தது. சங்கத்தில் கமிட்டி கூடினார்கள். இறந்துபோன உறுப்பினரின் பெயரை நோட்டீசில் போடலாமா என்பதுதான் பிரச்சினை, குரல் எப்படி வருகிறது என்பதில்லை. இரண்டு மணி நேரம் பேசி, பெயருக்கு முன்னால் அமரர் என்று சேர்த்துவிட்டால் சட்டச்சிக்கல் இல்லை என்று முடிவு செய்தார்கள். 'அமரர் பபூன் அழகர்ராசு, டான்ஸ் பூரணவல்லி மோதும் தர்க்கம்' என்று ரோஸ் கலர் நோட்டீஸ் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. திருவிழா நடத்துகிறவர்கள் இதில் தீட்டு உண்டா என்று பூசாரிகளைக் கேட்டார்கள். பூசாரிகள், உடம்பு இருந்தால்தான் தீட்டு, குரலுக்கு ஏது என்று சொல்லிவிட்டார்கள். சில ஊரில் அவன் நிற்கிற இடத்தில் பலகையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு ஊரில் சோடா வைத்தார்கள். ஆம்பளைகள் வந்து, செத்துப்போன அப்பனைப் பற்றி, தம்பியைப் பற்றி, அங்கே பார்த்தியா என்று மேடைக்குக் கீழே நின்று கேட்பார்கள். அழகர்ராசு ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை. பூரணவல்லி கேட்டால்தான் பேசுவான், அதுவும் சண்டை மட்டும்தான்.

அவளும் முயற்சி செய்யாமலில்லை. ஒரு மேடையில் தர்க்கத்துக்கு நடுவில், மைக்கை விட்டு விலகி, "எங்க மாமா இருக்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒன் நாக்குக்கு எட்டாத தூரத்துல" என்று மைக்கில் வந்தது, சனம் கைதட்டியது. இன்னொரு நாள், "என்னைய நெனச்சியா, கடைசியில?" என்றாள். "ஒன்னைய நெனச்சுத்தான்டி நெஞ்சே வலிச்சுச்சு" என்றான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. அது நிசமா கேலியா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, உசுரோடு இருந்தபோதும் அவளுக்கு அதைப் பிரிக்கத் தெரிந்ததில்லை.

வைகாசி பிறந்தபோது பொம்பளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எந்த ஊரில் தொடங்கியது என்று தெரியாது. ஆம்பளைகள் பக்கம் விசிலடிக்கும், பொம்பளைகள் பக்கம் கம்மென்று இருக்கும். செத்தும் இவன்தான் ஜெயிப்பானா என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். "பதிலச் சொல்லுத்தா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இன்னொரு ஊரில் சத்தம் போட்டார்கள். நாடகம் முடிந்து வேனில் ஏறும்போது பொம்பளைகள் வந்து அவள் கையைப் பிடித்து, ஆளுக்கொரு பதிலைச் சொல்லிக் கொடுத்தார்கள். இதைச் சொல்லு, அப்பிடிக் கேளு, மூக்கறுந்து போயிருவான் என்றார்கள். தங்கள் வீட்டு ஆம்பளைகளிடம் சொல்ல முடியாத பதிலையெல்லாம் அவள் மடியில் கட்டி அனுப்பினார்கள். பூரணவல்லி எல்லோருக்கும் தலையை ஆட்டுவாள், மறுநாள் மேடையில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தோற்பாள்.

பரமானந்தம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டார். "ஒங்கிட்ட பதில் இருக்குல்ல தங்கச்சி?"

"இருக்குண்ணே."

"சொல்லமாட்ட."

"சொன்னா பூச்ச அழிச்சிருவாரு. அப்புறம் வரமாட்டாரு."

"செத்தவனுக்குமா அந்தச் சட்டம்?"

"அவருக்குச் சட்டம்னு இருந்தது அது ஒண்ணுதானண்ணே" என்றாள். பரமானந்தம் டீக் காசைக் கொடுத்தார். மாசியிலிருந்து ஆடி வரைக்கும், செத்தவனிடம் அவள் நாற்பத்துமூன்று மேடையில் தோற்றாள்.

நாற்பத்துநாலாவது, நெட்டூரணி. அந்த ஊரில் இரண்டு தெருவுக்குள் தகராறு, இருட்டினால் கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு. அதனால் நாடகத்தைப் பகல் மூணு மணிக்கு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை வேசம் போடுவதற்கு ஒதுக்கியிருந்தார்கள். பூரணவல்லி கண்ணாடியைக் கரும்பலகையில் சாய்த்து வைத்து மை தீட்டிக்கொண்டிருந்தபோது, கையில் ரோஸ் நோட்டீசை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். வெறுங்கழுத்து. எழவு வீட்டில் தலைவிரி கோலமாகப் பார்த்த முகம்தான், இப்போது எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்திருந்தாள்.

"நீதான அது" என்றாள் ஒச்சம்மா.

பூரணவல்லி எழுந்து நின்றாள். "உக்காருங்கக்கா."

ஒச்சம்மா உட்காரவில்லை. "எங்கூரு பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருக்காக. அந்தாளு பேசுறாருன்னு போட்டுருக்கு. முப்பது வருசம் எங்கூட இருந்தாரு, வீட்டுக்குள்ள வந்தா வாயத் தொறக்கமாட்டாரு. சோறுன்னா சோறு, தண்ணின்னா தண்ணி. ஊரே சிரிக்குதே, எனக்கு ஒரு நாளு சிரிப்புக் காட்டுனதில்ல. செத்துமா ஒங்கிட்டயே பேசணும்?"

"எங்கிட்டயும் பேசலக்கா. சண்டதான் போடுறாரு."

"அதுக்காச்சும் குடுத்து வச்சவ" என்றாள் ஒச்சம்மா. கையிலிருந்த நோட்டீசை இன்னொரு மடிப்பு மடித்தாள். ஒச்சம்மா சொன்னாள், "ஒவ்வொரு அமாவாசைக்கும் சோறு வைக்கிறேன். காக்கா வருது, பாக்குது, போயிருது. ஒரு பருக்க எடுக்கல. போகவேண்டிய மனுசன நீ பிடிச்சு வச்சிருக்க. விட்டுரு."

"விட்டுட்டா எனக்கு என்னக்கா இருக்கு?"

"எனக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு ஒச்சம்மா வெளியே போனாள். நோட்டீசை வாத்தியார் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பூரணவல்லிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, தாலி கட்டின மகராசி, ஊர் பார்க்க அழுதவள், இன்னும் என்ன வேண்டுமாம் இவளுக்கு என்று. அந்த ஆத்திரத்தோடேயே சலங்கையைக் கட்டினாள்.

ராத்திரி மேடையில் விளக்கு முகத்தில் அடிக்கும், எதிரே இருப்பதெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். பத்தொன்பது வருசமாக அவள் இருட்டைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள். நெட்டூரணியில் வெயில். ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. வேப்பமரத்துக்குக் கீழே பொம்பளைகள், முதல் வரிசையில் ஓரமாக ஒச்சம்மா, சம்மணம் போட்டு, புருசன் நிற்கிற வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு.

பூரணவல்லி கேட்டாள், குரல் வந்தது. குரல் கேட்டதும் ஒச்சம்மா வாய் பிளந்தது. பூசாரியா ஆத்தாவா, செதுக்கினவனா பெத்தவளா என்று சண்டை ஏறிக்கொண்டே போக, ஒச்சம்மா முதலில் முழித்தாள், அப்புறம் உதட்டைக் கடித்தாள், அப்புறம் அடக்கமாட்டாமல் பக்கென்று சிரித்துவிட்டாள். முப்பது வருசம் கழித்துப் புருசன் காட்டின சிரிப்பு. மேலே நின்று அதைப் பார்த்த பூரணவல்லிக்கு, கட்டிவந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அழகர்ராசு கடைசிக் கேள்விக்கு வந்தான். "நீ செத்தா மறு மாசமே எனக்குப் பொண்ணு பாப்பாக. நான் செத்தா நீ தாலிய அறுத்துட்டு மூலையில உக்காரணும்" என்றான். ஆம்பளைகள் பக்கம் விசில் கிளம்பியது. ஒச்சம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கை தன்னால் எழுந்து வெறுங்கழுத்தைத் தடவி, அங்கே ஒன்றும் இல்லாமல், ரவிக்கையைப் பிடித்துக்கொண்டது. "இப்பச் சொல்லு, ஒசத்தி யாரு?" என்றான் அழகர்ராசு.

பூரணவல்லி முந்தானையை எடுத்தாள். மூடப்போன கை அந்தரத்தில் நின்றது. இத்தனை மேடையிலும் இந்தக் கேள்வியை எத்தனை வெறுங்கழுத்துக்கள் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கும், இருட்டில் தனக்குத் தெரியாமலே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையைக் கீழே விட்டாள். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நீ கட்டுனாத்தானே மாமா நான் அறுக்க?" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மைக் எடுத்துக்கொண்டது. ஆம்பளைகள் பக்கத்தில் நாலு பேர் சிரிக்க ஆரம்பித்து, சிரிக்கக்கூடாதோ என்று நிறுத்தினார்கள். அழகர்ராசு நின்ற இடத்தில், பேசப் போகிறவன் மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். பரமானந்தம் விரல் ஆர்மோனியக் கட்டையில் இருந்தபடியே காத்திருந்தார். அந்த மூச்சு கடைசிவரை பேச்சாக மாறவில்லை.

பலகை கிறீச்சிட்டது. ஒரு ஆள் கனத்துக்கு, ஒவ்வொரு பலகையாக, மெதுவாக ஆர்மோனியம் வரைக்கும் போய் நின்றது. பரமானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அந்தக் காலடி அவளைத் தாண்டித் திரைப்பக்கம் போனது. தாண்டும்போது கருவாட்டு வாசமும் வெற்றிலை வாசமும் வந்தது என்று பூரணவல்லி பிற்பாடு சொன்னாள். திரை ஒதுங்கி, பழையபடி விழுந்தது. வகுப்பறையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெள்ளையும் சிவப்பும் துடைத்த துணி ஒன்று கிடந்ததை ராஜபார்ட்தான் முதலில் பார்த்தார். அன்றைக்கு பபூன் வேசம் போட்ட ஆள் யாரும் கிடையாது.

முறைப்படி ஜெயித்தவள் பாட வேண்டும். பரமானந்தம் சுதி கொடுத்தார். பத்தொன்பது வருசமாகத் திரைக்குப் பின்னால் நின்று கேட்ட பாட்டு, அவளுக்குத் தெரியாத வரி அதில் இல்லை. வாயைத் திறந்தாள். "மாமா" என்று ஒரு கத்தல்தான் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அடக்கினதெல்லாம் வந்தது. மேடை நடுவில் முட்டிபோட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, வெட்டவெளியில், ஊர் பார்க்க அழுதாள். இதுவும் நாடகத்தில் சேர்த்தியோ என்று சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சம்மா எழுந்தாள். சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, ஓரத்துப் படி வழியாக மேடைக்கு ஏறி வந்து, பூரணவல்லிக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தாள்.

"ஒம்மேல எனக்கு ஆத்திரம் போகல" என்றாள். "போகவும் போகாது. கையப் போடு."

பூரணவல்லி புரியாமல் பார்த்தாள். ஒச்சம்மா தன் வலது கையை விலக்கி, தோளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். பூரணவல்லி அந்த இடத்துக்குள் போய், அவள் தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டினாள். சலங்கை கட்டினவளும் தாலி அறுத்தவளும் ஒரே ஆளுக்காக அழுதார்கள். வேப்பமரத்துக்குக் கீழே இருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக மேலே ஏறி வந்தார்கள், வட்டம் ஒவ்வொரு கையாக விலகி இடம் கொடுத்தது. பரமானந்தம் கொடுத்த சுதியை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராஜபார்ட் மேடைக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது, ஏன் இவ்வளவு நேரம் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.